ஓடாத விளக்கு எங்கே ஓடுகிறது?

பாரோய்ப் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழா என்றால் கொடியேறும் முன்பே விளக்கு வளைவு ஏறிவிடும். இருட்டியதும் அதில் விளக்குகள் ஓடத் தொடங்கும். இடது தூணின் அடியில் கிளம்பி, உச்சியைத் தொட்டு, வலது தூணில் இறங்கி, மறுபடி இடது தூணுக்கு வந்துவிடும். சிரம்பானிலிருந்து பாரோய் வழியாகக் கோலப்பிலா போகும் சாலையில் பழுதுபார்ப்பு நடக்கிற இரவுகளில், மஞ்சள் அம்புக்குறி ஒன்று ‘இப்படிப் போ’ என்று ஓடிக் காட்டுவதும் இதே வித்தைதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பல்புகூட நகரவில்லை. கட்டிய இடத்திலேயே ஒவ்வொன்றும் எரிகிறது, அணைகிறது. அதற்கு மேல் அங்கே எதுவும் நடப்பதில்லை. மின்சாரம் ஓடுகிறதே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கிற அந்த நிதானமான வேகத்திலும் அது போவதில்லை. இருந்தும் ஓட்டத்தைப் பார்க்காதவர் யாரும் இல்லை. நடை பழகும் குழந்தைகூட விரலை நீட்டி அதைத் தொடர்கிறது.

கார்ட்டூன் படங்கள் முழுவதும் இந்த ஒரு புதிரின் மேல்தான் நிற்கின்றன. 2009-இல் வெளிவந்த ‘கெங்’ மலேசியாவின் முதல் முப்பரிமாணக் கணினி அசைவூட்ட முழுநீளப் படம். அதைத் தந்த லெஸ் கோபாக் நிறுவனத்தின் உப்பின், இப்பின் இரட்டையரையும், மாடு வளர்க்கும் ராஜூவையும், கடை நடத்தும் அங்கிள் முத்துவையும் அறியாத பிள்ளை இந்த நாட்டில் அரிது. அதற்கு முன்னால், 1998-இல், ஹசான் அப்துல் முத்தலிப் இயக்கிய ‘சிலாட் லெகெண்டா’ இந்நாட்டின் முதல் முழுநீள அசைவூட்டப் படமாக வந்தது. இன்னும் முன்னே போனால் ஃபிலிம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கி 1983-இல் வெளியான ‘ஹிக்காயாட் சாங் கான்சில்’ என்ற சருகுமான் கதைக் குறும்படம் இருக்கிறது. கையால் வரைந்ததோ கணினியில் செய்ததோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். திரையரங்கில் வினாடிக்கு 24 படங்கள் காட்டப்படுகின்றன. ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 படங்கள். ஒவ்வொன்றும் அசையாத படம். திரையில் எந்தக் கணத்திலும் எதுவும் நகர்வதில்லை. ஒரு படம் போகிறது, இன்னொன்று வருகிறது. அப்படியானால் ராஜூவின் மாடு எங்கே நடக்கிறது?

இதற்கு ஒரு பதில் பல காலமாகப் பள்ளிப் பாடத்திலும் புதிர்ப் போட்டிகளிலும் புழங்கி வருகிறது. கண்ணின் விழித்திரையில் விழுந்த படம் உடனே மறைவதில்லை, வினாடியில் 16-இல் ஒரு பங்கு நேரம் தங்குகிறது, அதற்குள் அடுத்த படம் வந்துவிடுவதால் இரண்டும் இணைந்து அசைவாகத் தெரிகிறது என்பது அந்தப் பதில். இதற்குப் ‘பார்வை நிலைப்பு’ என்று பெயர். 1824-இல் லண்டனில் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் வாசித்த கட்டுரையிலிருந்து இது தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். செங்குத்து இடைவெளிகள் கொண்ட தடுப்புக்குப் பின்னால் உருண்டு போகும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஏன் வளைந்து, அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றன என்பதே அவர் கேட்ட கேள்வி. அசைவது ஏன் அசையாததாகத் தெரிகிறது என்று அவர் விளக்கினார். அசையாதது ஏன் அசைவதாகத் தெரிகிறது என்பதற்கு அதையே சான்றாக்கிக் கொண்டார்கள் பின்னால் வந்தவர்கள். ஜோசப் பிளாட்டோ 1832-இல் சுழலும் தட்டில் வரைந்த ஓவியங்களை ஆடவைத்துக் காட்டியபோது இந்த விளக்கம் அதோடு ஒட்டிக்கொண்டது. எழுபது எண்பது ஆண்டுகளில் அது பொது அறிவாகவே ஆகிவிட்டது.

இந்த விளக்கம் தவறு. அதைக் காட்டப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், கோயில் வளைவே போதும். முதல் பல்பு அணைந்த பிறகும் அதன் உருவம் கண்ணில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பல்பு எரியும்போது நாம் என்ன பார்க்க வேண்டும்? அடுத்தடுத்து இரண்டு ஒளிப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். மூன்றாவது எரியும்போது, மங்கிய வால் ஒன்றோடு மூன்று புள்ளிகள். ஒன்று இன்னொன்றாக நகர்வது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. படத்துக்கும் இதே கதிதான். ராஜூ கையைத் தூக்குவதற்கு ஆறு படங்கள் வரைந்திருந்தால், தங்குகிற உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அவனுக்கு ஆறு கைகள் முளைக்க வேண்டும். உருவம் தங்கினால் கிடைப்பது குவியல், அசைவு அல்ல. படம் எடுக்கும் கருவியின் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்து இரவுச் சாலையைப் பிடித்தால் கார் விளக்குகள் ஒளிக்கோடுகளாக விழுகின்றனவே, உருவம் தங்குவதன் உண்மையான விளைவு அதுதான். அந்தக் கோட்டில் எதுவும் ஓடுவதில்லை.

உடனே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பும்கூட. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் வட்டம் தெரிகிறதே, அது உருவம் தங்குவதால்தானே? ஆம், அதனால்தான். கண்ணில் ஒளி சிறிது நேரம் நீடிப்பது பொய்யல்ல. ஆனால் மத்தாப்பு காட்டுவது ஒரு முழு வட்டத்தை. வட்டத்தில் ஓடும் பொறியை அல்ல. பார்வை நிலைப்பு திரைப்படத்துக்குச் செய்யும் உதவி வேறொன்று. படச்சுருள் ஓடிய காலத்தில், தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டித் தகவல் இலாகா வண்டிக்காரர்கள் படம் காட்டியபோது, கருவிக்குள் ஒரு தகடு சுழன்றுகொண்டிருக்கும். ஒரு படம் போய் அடுத்த படம் வந்து நிற்கும் வரை அந்தத் தகடு ஒளியை மறைக்கும். ஆக, திரை ஒவ்வொரு வினாடியும் 24 முறை இருட்டாகிறது. 24 முறை இருண்டால் கண்ணுக்கு அந்த மினுக்கல் தெரியும், தலைவலியும் வரும். அதனால் தகட்டுக்கு இரண்டு அல்லது மூன்று இதழ்கள் வைத்தார்கள். ஒரே படத்தை இரண்டு மூன்று முறை வெட்டிக் காட்டினால் வினாடிக்கு 48 அல்லது 72 மினுக்கல் ஆகிவிடும். அந்த வேகத்தில் இருள் கண்ணுக்குத் தட்டுப்படாது. இதுதான் பார்வை நிலைப்பின் பங்கு: இருட்டை மறைப்பது. கவனியுங்கள், இதழைக் கூட்டியதால் படங்களின் எண்ணிக்கை கூடவில்லை. அசைவும் கூடவில்லை, குறையவும் இல்லை. மினுக்கல் மறைவதும் அசைவு பிறப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதைப் பொறியாளர்கள் தங்களை அறியாமலே நிரூபித்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலையை முதலில் அளந்தவர் ஆஸ்திரியாவின் சிக்மண்ட் எக்ஸ்னர். 1875-இல் அவர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மின்பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்கவிட்டார். எது முந்தியது என்று சொல்ல, இரண்டுக்கும் இடையே வினாடியில் ஆயிரத்தில் சுமார் 45 பங்காவது இடைவெளி வேண்டியிருந்தது. பொறிகளை இன்னும் நெருக்கி வைத்தபோது பார்த்தவர்களுக்கு இரண்டு பொறிகள் தெரியவில்லை; ஒரே பொறி நகர்வதுபோல் தெரிந்தது. அந்த நகர்வு எந்தப் பக்கம் என்பதை, முன்சொன்ன இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இருந்தபோதே சரியாகச் சொன்னார்கள். இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். ‘முதலில் இங்கே இருந்தது, பிறகு அங்கே இருந்தது, ஆகவே நகர்ந்திருக்கிறது’ என்று கணக்குப் போட்டு நாம் அசைவை அறிவதில்லை. முன்பின் தெரியாத அளவுக்குச் சிறிய இடைவெளியிலும் அசைவு தெரிகிறது. நிறத்தையும் உருவத்தையும் போல, அசைவும் தனியாக உணரப்படும் ஒரு பொருள். 1912-இல் ஜெர்மனியின் மாக்ஸ் வெர்தைமர் இதையே இரண்டு கோடுகளை வைத்து விரிவாகச் செய்தார். இடைவெளி ஆயிரத்தில் 30 பங்கு என்றால் இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் தெரிந்தன. சுமார் 60 பங்கு என்றால் ஒரே கோடு இங்கிருந்து அங்கே போயிற்று. 200 பங்கு என்றால் ஒன்று அணைந்தது, பிறகு இன்னொன்று எரிந்தது. நடுவில் கிடைத்த அந்த மாயத்துக்குத் ‘தோற்ற இயக்கம்’ என்று பெயர் சொல்லலாம். விழித்திரையில் உருவம் தங்குவதே காரணம் என்றால், இடைவெளி குறையக் குறைய அசைவு இன்னும் தெளிவாக வேண்டும். நடந்ததோ வேறு: இடைவெளி மிகக் குறைந்தால் அசைவே காணாமல் போகிறது.

நரம்புகள் இதை எப்படிச் செய்கின்றன? வெர்னர் ரைகார்ட், பெர்ன்ஹார்ட் ஹாசன்ஸ்டைன் என்ற இருவர் 1956-இல் ஒரு வண்டை வைத்து இதற்கு விடை கண்டார்கள். வண்டைப் பசை போட்டு அந்தரத்தில் நிறுத்தி, அதன் கால்களில் வைக்கோலால் செய்த கூடு ஒன்றைப் பிடிக்கக் கொடுத்து, சுற்றிலும் கோடுகளை ஓடவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்ப முயல்கிறது என்று எண்ணினார்கள். அவர்கள் கண்ட அமைப்பை இப்படிச் சொல்லலாம். அண்ணன் பாரோயிலிருந்து ஊரைச் சுற்றிப் போகும் பேருந்தில் சிரம்பானுக்குக் கிளம்புகிறான். தம்பி சற்றுப் பின்னால், பக்கத்து நிறுத்தத்திலிருந்து, நேர்வழிப் பேருந்தில் கிளம்புகிறான். இருவரும் ஒரே கணத்தில் சிரம்பான் நிலையத்தில் இறங்கினால் அங்கே காத்திருக்கும் மாமாவுக்கு ஒன்று நிச்சயம்: அண்ணன் முதலில், தம்பி இவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியிருக்கிறார்கள். தம்பி முந்திக் கிளம்பியிருந்தால் இருவரும் சேர்ந்து வந்திருக்க மாட்டார்கள். கண்ணின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து செய்திகள் இப்படித்தான் கிளம்புகின்றன. ஒன்று தாமதமாகவும் இன்னொன்று நேராகவும் போய் ஒரு நரம்பணுவில் சந்திக்கின்றன. இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் அந்த அணு துடிக்கிறது. ‘இடமிருந்து வலம்’ என்பதே அந்தத் துடிப்பின் பொருள். மனித மூளையில் இந்தச் சுற்று இதைவிடச் சிக்கலானது, ஆனாலும் கருத்து இதுவே. இந்தச் சுற்றுக்கு, நடுவில் பொருள் உண்மையில் நகர்ந்ததா, அல்லது ஒரு விளக்கு அணைந்து இன்னொன்று எரிந்ததா என்று தெரிய வழியே இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள், மாமாவுக்கு அது போதும். ஆகவே திரைப்படம் மூளையை ஏமாற்றுகிறது என்பதுகூடச் சரியான பேச்சல்ல. நிஜ அசைவைப் பார்க்கும் அதே சுற்றுதான் திரையையும் பார்க்கிறது.

கோயிலில் விளக்குக் கட்டுபவர் இந்த அறிவியலைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார். ஓடும் விளக்குக்கு அவர் இரண்டு இணைப்பு கொடுப்பதில்லை. மூன்று அல்லது நான்கு கொடுக்கிறார். முதல், நான்காம், ஏழாம் பல்புகள் ஓர் இணைப்பில். இரண்டு, ஐந்து, எட்டு அடுத்ததில். மூன்று, ஆறு, ஒன்பது மூன்றாவதில். இரண்டே இணைப்பு என்றால் என்ன ஆகும்? ஒற்றைப்படைப் பல்புகள் அணைந்து இரட்டைப்படைப் பல்புகள் எரியும்போது, அணைந்த ஒவ்வொரு பல்புக்கும் இடப்புறமும் வலப்புறமும் சமதூரத்தில் எரியும் பல்பு இருக்கிறது. எந்தப் பக்கம் போனது என்று மூளைக்கு முடிவு சொல்ல முடியவில்லை. வரிசை இருந்த இடத்திலேயே தத்தளிக்கிறது. மூன்று இணைப்பு என்றால் வலப்புறம் ஓரடி, இடப்புறம் ஈரடி. மூளை எப்போதும் பக்கத்தில் உள்ளதோடு சேர்க்கிறது. விளக்கு வலப்புறம் ஓடுகிறது. இணைப்புகளின் வரிசையை மாற்றினால் அதே பல்புகள் இடப்புறம் ஓடும். பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே விதியால்தான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஆரக்கால் பாதித் தூரத்துக்கு மேல் முன்னே போய்விட்டால், பின்னால் வரும் ஆரக்கால் பக்கமாகிவிடுகிறது. வெறுமனே உருவம் தங்குவதற்குத் திசை கிடையாது, இடவலத் தேர்வும் கிடையாது. தேர்வு இருக்கும் இடத்தில் தேர்ந்தெடுக்கும் ஒன்று இருந்தாக வேண்டும். இன்னொரு சோதனையும் நம் கண்முன்னே நடந்து முடிந்திருக்கிறது. பழைய இழைப் பல்புகள் மின்சாரம் நின்ற பிறகும் சற்று மின்னும், இன்றைய எல்.இ.டி. விளக்குகள் சட்டென்று அணைந்துவிடும். பல்பை மாற்றியபோது வளைவில் ஓட்டம் நின்றுவிடவில்லை.

மூளைக்கு இப்படி ஒரு பழக்கம் ஏன்? பால்மரக் காட்டை நினைத்தால் விடை கிடைக்கும். நிரை நிரையாக நிற்கும் மரங்களுக்கு அப்பால் ஒருவர் ஓடுகிறார். நமக்கு அவர் ஓட்டம் தொடர்ச்சியாகத் தெரிவதே இல்லை. ஓர் இடைவெளியில் தோன்றி, மரத்தின் பின் மறைந்து, அடுத்த இடைவெளியில் மீண்டும் தோன்றுகிறார். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு புது மனிதர் முளைத்தார் என்று எடுத்துக்கொள்ளும் பிராணி, புதரின் பின் வரும் புலியையும் துண்டு துண்டாகவே எண்ணிக்கொண்டிருக்கும்; அதற்குச் சந்ததி இருக்காது. துண்டுகளை இணைப்பது கண்ணின் குறைபாடு அல்ல, பிழைப்பதற்கான திறமை. அந்த இணைப்பு எவ்வளவு துணிச்சலானது என்பதை 1976-இல் பால் கோலர்ஸ், மைக்கேல் ஃபான் குருனாவ் இருவரும் காட்டினார்கள். ஓரிடத்தில் சிவப்புப் புள்ளியையும் சற்றுத் தள்ளிப் பச்சைப் புள்ளியையும் அடுத்தடுத்து மின்னவிட்டார்கள். பார்த்தவர்கள், சிவப்புப் புள்ளி நகர்ந்து, பாதி வழியில் சட்டென்று பச்சையாக மாறியது என்றார்கள். பச்சைப் புள்ளி எரியும் முன்பே அது பச்சை என்று எப்படித் தெரிந்தது? தெரியவில்லை. இரண்டாவது புள்ளி வந்த பிறகுதான், நடுவில் நடக்காத பயணத்தையும் மூளை எழுதிச் சேர்க்கிறது. முன்பே பார்த்ததாக நமக்குக் காட்டுகிறது.

‘கண்ணில் நடக்கிறதோ மூளையில் நடக்கிறதோ, முடிவு ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை, மருத்துவ இலக்கியத்தில் எல்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஜெர்மானியப் பெண்மணி ஒருவரின் நிலை சொல்லிவிடும். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததால் மூளையின் பின்பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்ட அவரைப் பற்றி ஜோசப் சீல் குழுவினர் 1983-இல் எழுதினார்கள். அவருக்கு நிறம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது, முகம் தெரிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை. தேநீர் ஊற்றும்போது அது உறைந்த பனிக்கட்டிபோல் அந்தரத்தில் நின்றது. கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. சாலையைக் கடக்க நின்றால் கார் தூரத்தில் இருக்கும். மறுகணம் எதிரே இருக்கும். நடுவில் வந்தது தெரியாது. அவர் கண்களில் பழுதில்லை. பார்வை நிலைப்புக்கு எந்தக் குறையும் இருக்கக் காரணமில்லை. ஆனாலும் அசைவு உலகம் அவருக்கு நின்றுபோயிற்று. பழுதான இடம், மூளை ஆய்வாளர்கள் ஐந்தாம் பார்வைப் பகுதி என்று குறிக்கும் பகுதியை ஒட்டியது. ஒரே ஒரு நோயாளியை வைத்துக் கட்டிய முடிவு என்று தள்ளிவிடவும் முடியாது. 1990-இல் வில்லியம் நியூசம் குழுவினர் பழக்கப்பட்ட குரங்குகளுக்குச் சிதறி ஓடும் புள்ளிகளைக் காட்டி, ஓட்டம் எந்தப் பக்கம் என்பதைக் கண் திருப்பிக் காட்டச் செய்தார்கள். அப்படிச் செய்யும்போதே, அந்தப் பகுதியில் மேல்நோக்கிய அசைவுக்குத் துடிக்கும் அணுக்களுக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது, குரங்குகளின் தீர்ப்பு மேல்நோக்கிச் சாய்ந்தது. மனிதர்களிடமும், தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் அந்த இடத்தைக் கணநேரம் குழப்பினால் அசைவை உணரும் திறன் குறைகிறது. பகுதி கெட்டால் அசைவு போகிறது, தூண்டினால் தீர்ப்பு மாறுகிறது, குழப்பினால் மங்குகிறது. மூன்று பக்கத்திலிருந்தும் சாட்சி ஒன்றாக வந்து நிற்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அசைவூட்டக் கலைஞர்களின் வேலையைப் பார்த்தால், அவர்கள் தேர்ந்தெடுத்த பல வழக்கங்களுக்குக் காரணம் புரிகிறது. கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24 ஓவியம் வரைவதில்லை. 12 வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிகிறார்கள். ஏழு நிமிடக் குறும்படத்துக்கே அது 5,040 ஓவியம்; பாதி மிச்சமாகிறது என்று சொல்வதற்கும் ஒரு மனத்துணிவு வேண்டும். 16-இல் ஒரு பங்கு வினாடிதான் எல்லை என்ற பழைய கணக்குப்படி இது பலிக்கவே கூடாது. பலிக்கிறது, ஏனென்றால் மூளைக்கு வேண்டியது எண்ணிக்கை அல்ல. ஓர் ஓவியத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம் அதன் சுற்று ஏற்கும் அளவுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. உருவம் வேகமாகப் பாயும்போது தூரம் அந்த அளவை மீறும். அசைவு உடைந்து துள்ளும். கேமராவில் எடுத்த படத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு படமும் பதிவாகும் 48-இல் ஒரு பங்கு வினாடிக்குள் கை நகர்ந்துவிடுவதால் அது மங்கலான இழுப்பாக விழுகிறது. அந்த இழுப்பே மூளைக்குத் திசையையும் வேகத்தையும் சொல்லிவிடுகிறது. 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்துப் பொம்மைக் குரங்கு சிலிர்த்துச் சிலிர்த்து அசைவதற்குக் காரணம் இந்த மங்கல் இல்லாததுதான். ஒவ்வொரு படத்துக்கும் பொம்மை அசையாமல் நின்று கொடுத்தது. கணினி வந்தபோதும் அதே குறை: கணினிக்கு மங்கலாக வரையத் தெரியாது, எல்லாமே கத்திபோல் கூர்மை. பின்னாளில் பிக்சார் ஆன குழு 1984-இல் ஒரு தேனீக் குறும்படத்துக்காக அந்த மங்கலைக் கணக்குப் போட்டு உண்டாக்கியது. இன்று கணினிப் படங்களில் வேகமாய்ப் பாயும் உருவத்தின் ஓரங்களில் தெரிகிற தேய்வு, வேண்டுமென்றே மணிக்கணக்கில் கணக்கிட்டுச் சேர்த்த ‘பிழை’.

அசைவு தெரிந்துவிட்டது; உயிர் எங்கிருந்து வருகிறது? அதையும் பெரும்பகுதி மூளைதான் தருகிறது என்பது என் கட்சி. ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் 1973-இல் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை ஒட்டி, மற்றதெல்லாம் இருட்டாக இருக்கும்படி படம் எடுத்தார். படத்தை நிறுத்தினால் வெறும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஓடவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் மனிதர் நடக்கிறார் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். 2008-இல் இத்தாலியில் பிறந்து இரண்டே நாள் ஆன குழந்தைகளுக்கு, நடக்கும் கோழியின் மூட்டுப்புள்ளிகளையும் ஒழுங்கின்றி அலையும் புள்ளிகளையும் காட்டினார்கள். குழந்தைகள் கோழியையே அதிகம் பார்த்தன. கோழியை அறியாத, சினிமாவை அறியாத பிள்ளைகள்! கார்ட்டூன் பார்க்கக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியானே சிம்மல் இருவரும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அசையும் சின்னப் படம் ஒன்றைக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னபோது, ஏறத்தாழ எல்லாரும் ஒரு முரடன், ஒரு துணிச்சல்காரன், பயந்து ஒளியும் ஒருத்தி என்று கதையே சொன்னார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். மூட்டுப்புள்ளியே போதும் என்றால், மனிதரின் உடலில் புள்ளிகளை ஒட்டி அசைவைப் பதிந்து அதையே கணினி உருவத்துக்குக் கொடுத்துவிட்டால் எல்லாப் படமும் உயிரோடு இருக்க வேண்டுமே? அந்தச் சோதனையைத் தமிழ்நாடு இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறது. சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம் 2000-இல் தந்த ‘சிந்துபாத்’ முழுக்க உடலசைவுப் பதிவால் ஆன படம். 2014-இல் சௌந்தர்யா இயக்கத்தில் ரஜினிகாந்த் உருவில் வந்த ‘கோச்சடையான்’ அடுத்தது. நடையிலும் வாள்வீச்சிலும் ரஜினி தெரிந்தார் என்பதை மறுக்க முடியாது. யோஹான்சனின் புள்ளிகள் வேலை செய்தன. முகத்தில்தான் குறை சொன்னார்கள். மூட்டுகள் பன்னிரண்டு போதும். கண்ணோரச் சுருக்கத்துக்கும் உதட்டு நடுக்கத்துக்கும் அது போதாது. உருவம் நிஜ மனிதரை நெருங்க நெருங்க, மூளை கேட்கும் நுணுக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. உப்பினும் இப்பினும் பெரிய தலையும் சின்ன உடம்புமாய், நிஜப் பிள்ளைகள் போலவே இல்லை. அதனால் அவர்களிடம் நாம் அந்த நுணுக்கத்தைக் கேட்பதில்லை. திரும்பும் வேகமும், நிற்கும் இடைவெளியும், குதிக்கும் முன் சற்றுக் குனிவதும் சரியாக இருந்தால் போதும், மற்றதை மூளை நிரப்பிக்கொள்கிறது. குறைந்த பணத்தில் படம் எடுக்கும் தமிழ்க் கலைஞர்கள், என் கணிப்பில், நிஜ முகத்தைத் துரத்துவதை விட்டு இந்த நேரக் கணக்கைப் பிடிப்பது மேல்.

இவ்வளவும் பார்க்கிறவருக்கு என்ன பயன் என்றால், வீட்டுத் தொலைக்காட்சியிலேயே ஒரு பயன் இருக்கிறது. புதிதாக வரும் தொலைக்காட்சிகள் பலவற்றில் அசைவை வழவழப்பாக்கும் வசதி, வாங்கும்போதே போட்ட நிலையில் வருகிறது. இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கருவி தானே ஊகித்து, இல்லாத படங்களைச் செருகுகிறது. மூளை செய்யும் வேலையை அதற்கு முன்பே செய்துவிடப் பார்க்கிறது. செய்தியாளர் மெல்லத் தலையசைக்கும் காட்சிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. கார்ட்டூனில் கெடுதல் உண்டு. கலைஞர் ஓர் ஓவியத்தை இரண்டு முறை நிறுத்தி அடுத்ததற்குச் சட்டென்று தாவியது தெரிந்து செய்த காரியம். கருவி அந்தத் தாவலை நிரப்பி எல்லாவற்றையும் எண்ணெயில் மிதப்பதுபோல் ஆக்கிவிடுகிறது. சில இடங்களில் ஊகம் தவறி, ஓடும் காலின் ஓரம் கிழிந்தும் தெரியும். ஆகவே பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கும் முன், தொலைக்காட்சியின் பட அமைப்புக்குள் போய் அசைவு தொடர்பான அந்த வசதியை அணைத்துவிடுங்கள். பாரோய் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கில் நெகிரி செம்பிலான் அணி ஆடும் பந்தாட்டத்துக்கு வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.